விஆர் ஹெட்செட்ல சார்ட் பாத்தா நெஜமாவே நல்லா புரியுதா, இல்ல புரிஞ்ச மாதிரி இருக்குறது மட்டும்தானா?

சிதறல்புள்ளி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போறவன், இப்பதான் மொத தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பிஜி கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு விஆர்ல, அதாவது வெர்ச்சுவல் ரியாலிட்டில, டேட்டா விஷுவலைசேஷன்னு (நம்பர படமா காட்டுறது) தலைப்பு குடுத்துட்டேன். ஆழம் தெரியாம கால விட்ட கதைதான். லேப்ல குவெஸ்ட் 2னு ஒரு விஆர் ஹெட்செட் சும்மா கெடந்துச்சு, எனக்கு யூனிட்டி (3டி கேம் பண்ற சாஃப்ட்வேர்) ஓரளவு தெரியும், அப்புறம் என்ன வேணும்னு நெனச்சேன். ரெண்டு சீன் பண்ணேன். ஒண்ணு 3டி பார் சார்ட், பன்னெண்டு மாசம் ஒரு பக்கம், ஆறு வகை இன்னொரு பக்கம், மொத்தம் 72 தூண் ஆளுயரத்துக்கு நிக்கும், நடுவுல நடந்து போகலாம். இன்னொண்ணு ஐரிஸ் டேட்டா, அதான் எல்லாரும் போடுற அந்த 150 பூவோட இதழ் அளவு, மொத்தம் மூணு வகை பூ, அத 3டி ஸ்கேட்டர் பிளாட்டா, அதாவது ஒரு பூவுக்கு ஒரு புள்ளியா, காத்துல மெதக்க விட்டிருக்கேன்.

கூட படிக்கிறவங்கள கூப்பிட்டு மாட்டி விட்டேன். எல்லாரும் செம்ம மச்சி செம்ம மச்சின்னு கழட்டவே மாட்டேங்குறாங்க. சரி ப்ராஜெக்ட் முடிஞ்சுதுன்னு நெனச்சு, கைடு சொன்னாரேன்னு ரெண்டு கேள்வியும் கேட்டு வச்சேன். இந்த தூண் அந்த தூண விட எத்தன மடங்கு உயரம், எந்த மாசம் அதிகம், இந்த மாதிரி. அங்கதான் அடி விழுந்துச்சு. லேப்டாப்ல சாதா பார் சார்ட்ட பாத்து டக்குனு சரியா சொன்ன அதே ஆளுங்க விஆர்ல தப்பு தப்பா சொல்றாங்க, நேரமும் ஜாஸ்தி ஆகுது. இதுல கொடுமை என்னன்னா தப்பா சொன்னவன்தான் அடிச்சு சொல்றான், "டேய் நான் பக்கத்துல நின்னு பாத்தேன்டா, அதுதான் பெருசு"ன்னு.

ஆனா ஐரிஸ்ல அப்படியே நேர் எதிர். லேப்டாப்ல 2டி ஸ்கேட்டர் பிளாட்ல மூணு வகை பூவுல ரெண்டு வகை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்கு, யாராலயும் பிரிக்க முடியல. விஆர்ல ஒரு சுத்து நடந்து வந்துட்டு "இங்க ஒரு கூட்டம், அங்க ஒரு கூட்டம்"னு கை காட்டிட்டாங்க.

இப்ப எனக்கு ஒண்ணும் புரியல. விஆர் நல்லதா கெட்டதா? என் டிசைன்தான் சொதப்பலா? இதுல உருப்படியா ஆராய்ச்சி எதாச்சும் இருக்கா? ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுறது? கண்ண கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு, அதுவும் ஹெட்செட் மாட்டி கட்டி விட்ட மாதிரி.

கட்டக்கோடு

மொதல்ல அந்த 72 தூணையும் இடிச்சு தள்ளு தம்பி.

விஆர் மேல தப்பே இல்ல, 3டி பார் சார்ட் எந்த ஸ்க்ரீன்ல போட்டாலும் பிரச்சனைதான், விஆர்ல அது இன்னும் கொஞ்சம் பெருசா தெரியுது அவ்ளோதான். 1984லயே க்ளீவ்லண்ட், மெக்கில்னு ரெண்டு பேர் ஆளுங்கள உக்கார வச்சு டெஸ்ட் பண்ணி எழுதிட்டாங்க, மனுஷக் கண்ணு எதுல கரெக்டா அளக்கும் எதுல கோட்டை விடும்னு. ஒரே அளவுகோல் மேல ரெண்டு புள்ளி எங்க இருக்குன்னு பாக்குறதுதான் பெஸ்ட். அதுக்கு கீழ நீளம், கோணம், அதுக்கும் கீழ பரப்பளவு, அதுக்கும் கீழ கன அளவு, கலரோட அடர்த்தி எல்லாம். சாதா பார் சார்ட்ல எல்லா பாரும் ஒரே அடிக்கோட்டுல நிக்கும், பக்கத்துல அச்சு இருக்கும், அதான் டக்குனு சொல்லிடுறோம். நீ என்ன பண்ணிருக்க? ஒரு தூண ஒரு மீட்டர்ல நிறுத்திட்டு இன்னொண்ண மூணு மீட்டர் தள்ளி நிறுத்திருக்க. ரெண்டும் ஒரே உயரம்னாலும் தூரத்துல இருக்குறது கண்ணுக்குள்ள மூணுல ஒரு பங்காதான் விழும். மூளை அத சரி பண்ணிக்கணும்னா அது எவ்ளோ தூரத்துல நிக்குதுன்னு தெரியணும். அங்கயும் ஒரு ஆப்பு இருக்கு, ஹெட்செட் மாட்டினா தூரத்த நாம கம்மியாதான் மதிப்பிடுறோம். 2013ல ரென்னர்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிய எல்லாம் சேத்து பாத்தப்ப சராசரியா 74 சதவீதம்னு வந்துச்சு, அதாவது பத்து மீட்டர்ல இருக்குறத ஏழரை மீட்டர்னு நெனைக்கிறோம். புது ஹெட்செட்ல இது கொஞ்சம் தேவலன்னாலும் முழுசா போகல.

இது போதாதுன்னு முன்னாடி தூண் பின்னாடி தூண மறைக்கும். எந்த மாசம் அதிகம்னு கேட்டா எல்லா தூணையும் ஒரே பார்வைல பாக்கவே முடியாது, ஒண்ண பாத்துட்டு மனசுல வச்சுக்கிட்டு அடுத்தத தேடி நடக்கணும். நீ உக்காந்து பாக்குற சார்ட்ட நடந்து பாக்குற சார்ட்டா மாத்தி வச்சிருக்க, நேரம் ஜாஸ்தி ஆகாம என்ன ஆகும்?

உருண்டை போட்டு சைஸ்ல அளவு காட்டலாம்னு அடுத்து ஒரு ஐடியா வரும் உனக்கு. அதையும் பண்ணாத. கன அளவு ரெண்டு மடங்கானா விட்டம் வெறும் 26 சதவீதம்தான் ஏறும், பாக்குறவன் லேசா பெருசா இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவான்.

சும்மா_ஒருத்தன்

எல்லாம் ஹைப்பு ப்ரோ. எங்க ஆபீஸ்லயும் ஒரு தடவ விஆர் டாஷ்போர்டுன்னு ஒரு கூத்து நடந்துச்சு. மேல இருந்து ஒருத்தர் எங்கயோ டெமோ பாத்துட்டு வந்துட்டார். ஆறு மாசம் பண்ணோம். மொத மீட்டிங்ல எல்லாரும் மாட்டிக்கிட்டு ஆ ஊன்னாங்க, ரெண்டாவது மீட்டிங்ல ஒருத்தருக்கு தல சுத்திச்சு, மூணாவது மீட்டிங்ல "அந்த எக்செல்ல அனுப்பிடுங்க"ன்னுட்டாங்க. ஹெட்செட்டெல்லாம் இப்ப பீரோல இருக்கு.

முடிச்சவிழ்ப்பான்

மேல கட்டக்கோடு சொன்னது பார் சார்ட்டுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா அத வச்சு விஆரே வேஸ்ட்டுன்னு முடிச்சிடாதீங்க, நான் நெட்வொர்க் பக்கம் வேலை பாக்குறவன், அங்க கதையே வேற.

முனையும் இணைப்புமா இருக்குற கிராஃப் இருக்குல்ல, அதுல ஒரு முன்னூறு முனை போட்டாலே 2டி ஸ்க்ரீன்ல நூல்கண்டு சிக்கல்தான், கோடு மேல கோடு போகும், எந்த கோடு எங்க போகுதுன்னு விரல் வச்சாலும் தெரியாது. 1996ல காலின் வேர், க்ளென் ஃப்ராங்க்னு ரெண்டு பேர் இத டெஸ்ட் பண்ணாங்க, ரெண்டு முனைய காட்டி இதுக்கு நடுவுல ரெண்டு இணைப்புல போற வழி இருக்கா இல்லையான்னு கேள்வி. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம் குடுத்தப்ப, அதாவது ஸ்டீரியோ மட்டும் இருந்தப்ப, 2டிய விட 1.6 மடங்கு பெரிய கிராஃப புரிஞ்சுக்க முடிஞ்சுது. தலைய அசைச்சா படமும் அதுக்கு ஏத்த மாதிரி நகர்ந்தா 2.2 மடங்கு. ரெண்டும் சேந்தா 3 மடங்கு. இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா ஸ்டீரியோவ விட அசைவுதான் ஜாஸ்தி உதவி பண்ணுது. எல்லாரும் விஆர்னா ரெண்டு கண்ணுக்கு ரெண்டு படம்னு நெனைக்கிறாங்க, ஆனா தலைய லேசா சாய்ச்சதும் கிட்ட இருக்குற கோடு வேகமா நகரும் தூரத்துல இருக்குறது மெதுவா நகரும், அந்த வித்தியாசத்த வச்சுத்தான் மூளை சிக்கல பிரிக்குது.

ஸ்க்ரீன்ல மவுஸ் வச்சு 3டிய சுத்தினாலும் அசைவு கெடைக்குமேன்னு கேப்பீங்க. கெடைக்கும். ஆனா அங்க கை சுத்துது, தல சும்மா இருக்கு. 1971ல ஷெப்பர்ட், மெட்ஸ்லர்னு ரெண்டு பேர் பண்ண சோதனை ஒண்ணு இருக்கு, ரெண்டு உருவம் ஒண்ணுதானான்னு கேட்டா, எவ்ளோ கோணம் திரும்பி இருக்கோ அவ்ளோ நேரம் ஜாஸ்தி ஆகுது, கோணமும் நேரமும் நேர்கோட்டுல ஏறுது, மனசுக்குள்ள நாம அத சுத்தி பாக்குறோம்ன்ற மாதிரி. விஆர்ல நீங்களே நடந்து அந்தப் பக்கம் போயிடுறீங்க, மனசுக்குள்ள சுத்துற அந்த வேலை பாதி கொறஞ்சிடுது, கால் பண்ணிடுது அத. குழந்தைல இருந்து பண்ணிட்டு வர்ற வேலைதானே, ஒரு பொருள சுத்தி வந்து பாக்குறது.

ஸ்கேட்டர் பிளாட்லயும் இதேதான். 2019ல க்ராஸ்னு ஒருத்தர் குழு 18 பேர வச்சு கூட்டம் கூட்டமா இருக்குற புள்ளிகள கண்டுபிடிக்கிற வேலைய குடுத்து பாத்தாங்க. நாலு விதம், ஸ்க்ரீன்ல 2டி மேட்ரிக்ஸ் (ரெண்டு ரெண்டு அளவா எடுத்து போட்ட குட்டி சார்ட்டுங்க கட்டம் கட்டமா), ஸ்க்ரீன்ல 3டி, விஆர்ல மேஜை மேல வச்ச மாதிரி சின்னது, விஆர்ல உள்ளயே நுழையிற மாதிரி பெருசு. 2டி மேட்ரிக்ஸ்தான் கடைசி. அதனால சிதறல்புள்ளி, உங்க ஐரிஸ் ரிசல்ட் ஆச்சரியமே இல்ல, அப்படியே எழுதுங்க.

நிழல்கோணம்

@முடிச்சவிழ்ப்பான் நிறுத்துங்க நிறுத்துங்க, அப்படியே எழுதினா வைவால மாட்டிப்பான் பையன்.

சிதறல்புள்ளி தம்பி, ஒரே ஒரு கேள்வி. லேப்டாப்ல போட்ட 2டி ஸ்கேட்டர்ல டேபிள்ல இருந்து எந்த ரெண்டு காலம் (column) போட்ட? விஆர்ல மூணாவதா எது?

சிதறல்புள்ளி

அக்கா, 2டில புல்லி இதழ் நீளம், புல்லி இதழ் அகலம். விஆர்ல அது ரெண்டோட மூணாவதா அல்லி இதழ் நீளம். ஏன் கேக்குறீங்க?

நிழல்கோணம்

நெனச்சேன்.

அந்த டேட்டாவுல நாலு அளவு இருக்கு, புல்லி நீளம் அகலம், அல்லி நீளம் அகலம். பூ வகை மூணு, செட்டோசா, வெர்சிகலர், விர்ஜினிகா. புல்லி இதழ் ரெண்டையும் மட்டும் போட்டா வெர்சிகலரும் விர்ஜினிகாவும் கலந்துதான் கெடக்கும், அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அல்லி இதழ் நீளத்த சேத்தா அதுவே பிரிச்சு குடுத்துடும். லேப்டாப்ல அல்லி நீளமும் அல்லி அகலமும் போட்டு பாரு, செட்டோசா தனியா ஒரு மூலைல, மத்த ரெண்டும் ஓரத்துல லேசா உரசிக்கிட்டு, கிட்டத்தட்ட பிரிஞ்சே நிக்கும், ஹெட்செட்டே வேணாம். உன் டெஸ்ட்ல ஜெயிச்சது விஆர் இல்லடா தம்பி, உன் மூணாவது காலம். ஒரு பக்கம் ரெண்டு தகவல் குடுத்துட்டு இன்னொரு பக்கம் மூணு தகவல் குடுத்து எது நல்லா புரியுதுன்னு கேட்டா மூணுதான் ஜெயிக்கும்.

இது உன் தப்பு மட்டும் இல்ல, இந்த ஃபீல்டுல பாதி டெமோ இந்த ரகம்தான். பழைய சார்ட்ட மோசமா போட்டுட்டு புதுசுகிட்ட தோக்க வைக்கிறது. முடிச்சவிழ்ப்பான் சொன்ன ஆராய்ச்சில பாரு, 2டி பக்கம் மேட்ரிக்ஸ் குடுத்திருக்காங்க, அதாவது எல்லா ஜோடியும் கண்ணு முன்னாடி இருக்கு, தகவல்ல கொறை இல்ல. அதுக்கு அப்புறமும் 3டி முந்துச்சுன்னா அது பேச வேண்டிய விஷயம்.

நீ "விஆர் vs லேப்டாப்"னு வச்சிருக்குற ஒப்பீட்டுல ரெண்டு மூணு விஷயம் ஒண்ணா மாறுது, அதான் குழப்பம். 2டி 3டி ஆகுது, ஸ்க்ரீன் ஹெட்செட் ஆகுது, உக்காந்து பாக்குறது நடந்து பாக்குறது ஆகுது. எதனால ரிசல்ட் மாறிச்சுன்னு எப்படி சொல்லுவ? அதனால நாலா பிரி. ஸ்க்ரீன்ல 2டி, ஸ்க்ரீன்ல 3டி, ஹெட்செட்டுக்குள்ள ஒரு தட்டையான பலகைல அதே 2டி, ஹெட்செட்டுக்குள்ள 3டி. மூணாவத நெறைய பேர் விட்டுடுவாங்க, அதுதான் முக்கியம். ஹெட்செட்டால வர்ற நஷ்டம் என்னன்னு அது மட்டும்தான் தனியா காட்டும். அப்புறம் வரிசைய ஆளுக்கு ஆள் மாத்து, எல்லாருக்கும் லேப்டாப்ப மொதல்ல குடுத்தா ரெண்டாவது ரவுண்டுல பழகிடுவாங்க.

இப்ப நீ போற போக்குல ஒண்ணு சொன்ன பாரு, தப்பா சொன்னவன்தான் அடிச்சு சொல்றான்னு, எனக்கு இந்த திரெட்லயே அதுதான் பெரிய விஷயமா படுது. அத அளந்து எழுது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்துல எவ்ளோ உறுதியா சொல்றீங்கன்னு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கேளு, அப்புறம் உறுதியையும் சரி தப்பையும் சேத்து வச்சு பாரு. விஆர் குடுக்குற முதல் சரக்கே "நான் அங்க இருந்தேன்"ன்ற உணர்வுதான். நேர்ல பாத்தத நாம நம்புவோம், சாட்சி சொல்றவன் மாதிரி. அந்த நம்பிக்கை டேட்டாவ பத்தினது இல்ல, இடத்த பத்தினது, ஆனா மனசு ரெண்டையும் பிரிச்சு பாக்காது. 2019ல மக்ரான்ஸ்கி குழு 52 மாணவர்கள வச்சு ஒரு லேப் சிமுலேஷன ஸ்க்ரீன்லயும் ஹெட்செட்லயும் குடுத்து, தலைல ஈஈஜி (மூளை அலைய அளக்குற கருவி) மாட்டி பாத்தாங்க. ஹெட்செட்ல அங்கயே இருக்குற உணர்வு ஜாஸ்தி, கத்துக்கிட்டது கம்மி. அது சார்ட் இல்ல, பாடம், ஆனா உன் தோழன் "பக்கத்துல நின்னு பாத்தேன்டா"ன்னு சொன்னதும் இதுவும் தூரத்து சொந்தம்.

அப்புறம் "புடிச்சுதா"ன்னு மட்டும் கேட்டு ஒரு பார் சார்ட் போட்டு ரிப்போர்ட்ல ஒட்டாத, ப்ளீஸ். மொத தடவ மாட்டினவங்களுக்கு எல்லாமே புடிக்கும்.

சும்மா_ஒருத்தன்

அப்போ நான் சொன்னதுதான் சரி, ஹைப்பு.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை 2015ல நாஸ்டாக்னு அமெரிக்க பங்குச் சந்தை இண்டெக்ஸ விஆர்ல ரோலர் கோஸ்டரா பண்ணி விட்டாங்க, 21 வருஷ கிராஃப் மேல வண்டில போற மாதிரி. நான் போய் பாத்தேன். இறங்குறப்ப வயித்த பெரட்டிச்சு. எந்த வருஷம் எவ்ளோ இறங்குச்சுன்னு இன்னிக்கும் தெரியாது.

முடிச்சவிழ்ப்பான்

@நிழல்கோணம் சரியான இடத்துல புடிச்சீங்க, காலத்த கேக்காம நான் பாட்டுக்கு பாராட்டிட்டேன், வாபஸ்.

@சும்மா_ஒருத்தன் அந்த ரோலர் கோஸ்டர நான் உங்கள மாதிரி பாக்கல. அது எவ்ளோன்னு சொல்ல வரல, அந்த வீழ்ச்சி எவ்ளோ செங்குத்துன்னு உடம்புக்கு சொல்ல வந்துச்சு, உங்க வயிறே சாட்சி. பத்திரிகைக்கு அது போதும். அத வச்சு முதலீடு பண்ண சொன்னாதான் பிரச்சனை.

புரதமடிப்பு

லேட்டா வர்றேன். எல்லாரும் சார்ட் சார்ட்னு பேசுறீங்க, நான் புரத அமைப்பு பாக்குற ஆள், எங்க ஆளுங்க கைமேராஎக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுவோம், அதுல ஹெட்செட் கனெக்ட் பண்ணி மூலக்கூற கைல புடிச்சு திருப்பலாம். அங்க மூணாவது பரிமாணம் நாங்க சேத்தது இல்ல, பொருள்லயே இருக்கு. மருந்து மூலக்கூறு போய் உக்கார்ற பள்ளம் எவ்ளோ ஆழம், எந்த பக்கம் வாய் தொறந்திருக்குன்னு ஸ்க்ரீன்ல பத்து தடவ சுத்தி பாத்தும் புடிபடாதது உள்ள தலைய விட்டு பாத்தா பளிச்சுனு தெரியும். ஸ்கேன் படம், குகை, பாறை அடுக்கு, எல்லாம் இந்த ஜாதிதான். நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்து காரங்க மைக்ரோசாஃப்டோட ஹோலோலென்ஸ் ஹெட்செட்டுக்கு ஆன்சைட்னு ஒரு சாஃப்ட்வேர் பண்ணாங்க, செவ்வாய்ல இருக்குற கியூரியாசிட்டி ரோவர் அனுப்புற படத்த வச்சு செவ்வாய் தரைய கட்டி விஞ்ஞானிகள அதுல நடக்க விட்டாங்க, 2018ல நாசாவோட அந்த வருஷ சாஃப்ட்வேர் விருது கூட அதுக்கு கெடச்சுது. பனோரமா படத்த ஸ்க்ரீன்ல பாத்து அந்த பாறை எவ்ளோ தூரம் எந்த கோணம்னு கணிக்கிறது ரொம்ப கஷ்டம், அங்க நின்னா அது கேள்வியே இல்ல.

மாசத்துக்கும் வகைக்கும் நடுவுல அப்படி ஒரு இடமே கெடையாது. நீங்க அத இடமா மாத்தி வச்சீங்க, அதனால அது இடத்தோட கெட்ட குணத்த எல்லாம் வாங்கிக்கிச்சு, மறைக்கிறது, சின்னதாகுறது. நல்ல குணம் எதுவும் வரல.

ஆனா எங்க ஆளுங்களும் அரை மணி நேரத்துக்கு மேல உள்ள இருக்க மாட்டாங்க, அதையும் சொல்லிடுறேன். நெஜ உலகத்துல கிட்ட இருக்குறத பாத்தா ரெண்டு கண்ணும் உள்ள திரும்பும், லென்ஸும் அதுக்கு ஏத்த மாதிரி ஃபோகஸ் ஆகும், ரெண்டும் சேந்தே நடக்கும். ஹெட்செட்ல கண்ணு உள்ள திரும்பும், ஆனா ஃபோகஸ் எப்பவும் ஒரே தூரத்துல, ஒண்ணு ரெண்டு மீட்டர் பக்கம் நிக்கும். மூலக்கூற மூக்குகிட்ட கொண்டு வந்து பாத்தீங்கன்னா ரெண்டும் சண்டை போடும், தலவலிதான். அதனால அரை மீட்டருக்குள்ள எதையும் வைக்காதீங்க. அப்புறம் எழுத்து. நல்ல பார்வை உள்ளவங்க கண்ணு ஒரு டிகிரிக்கு 60 பிக்சல் வரைக்கும் பிரிச்சு பாக்கும், குவெஸ்ட் 2 குடுக்குறது சுமார் 20. உங்க அச்சுல எழுதி வச்ச நம்பர யாரும் படிச்சிருக்க மாட்டாங்க, அந்த பார் சார்ட் தப்புல பாதி அதுவா கூட இருக்கலாம். எழுத்த மூணு மடங்கு பெருசு பண்ணுங்க, பாக்குறவர் எந்த பக்கம் போனாலும் அவர பாத்து திரும்புற மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் போடுங்க.

இன்னொண்ணு, எல்லாருக்கும் ஸ்டீரியோ பார்வை இருக்காது. சின்ன வயசுல மாறுகண் இருந்தவங்க சிலருக்கு ஆழம் தெரியவே தெரியாது, அவங்களுக்கே தெரியாம இருக்கும். டெஸ்டுக்கு முன்னாடி ஒரு சின்ன செக் வச்சுக்கோங்க.

கட்டக்கோடு

@புரதமடிப்பு இடமே இல்லாத டேட்டாவுக்கு இடம் குடுக்காதேன்னு சொல்றீங்க, அப்போ முடிச்சவிழ்ப்பானோட நெட்வொர்க்குக்கு மட்டும் என்ன இடம் இருக்கு? அதுவும் நாம கண்டபடி பரப்பி வச்சதுதானே?

புரதமடிப்பு

நல்ல கேள்வி, மாட்டிக்கிட்டேன். யோசிச்சு பாத்தா, நெட்வொர்க்ல யாரும் தூரத்த அளக்கிறது இல்ல, எது எதோட சேந்திருக்குன்னு மட்டும்தான் கேக்குறோம். முனை எங்க இருந்தாலும் பதில் மாறாது, கோடு கோட்ட வெட்டாம இருக்க ஒரு கூடுதல் பரிமாணம் கெடச்சா லாபம். அளக்கிற கேள்வி கேட்டா அங்கயும் உதைக்கும்னு நெனைக்கிறேன்.

நிழல்கோணம்

உதைக்கும். பாக் குழு ஹோலோலென்ஸ், டேப்லெட், டெஸ்க்டாப் மூணையும் வச்சு புள்ளிக் கூட்டத்துல வேலை குடுத்து பாத்தப்ப, சில வேலைல ஹோலோலென்ஸ் நல்லா இருந்துச்சு, ஆனா மொத்தத்துல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் டெஸ்க்டாப்தான் வேகம், துல்லியம் ரெண்டும். மவுஸ நாம எத்தன வருஷமா பிடிச்சிட்டு இருக்கோம், அதுவும் ஒரு காரணம்.

ஆனா ஒரேயடியா அளக்கிறதுன்னாலே விஆர் தோக்கும்னும் சொல்ல முடியாது. 2018ல யாங் குழு உலக வரைபடத்த விஆர்ல நாலு விதமா வச்சு பாத்தாங்க, தட்டை மேப், வளைஞ்ச மேப், வெளிய நின்னு பாக்குற உருண்டை, உள்ள நின்னு பாக்குற உருண்டை. ரெண்டு ஊருக்கு நடுவுல தூரத்த ஒப்பிடுறதுக்கும் திசை சொல்றதுக்கும் வெளிய நின்னு பாக்குற உருண்டைதான் துல்லியம், தூரத்துக்கு மட்டும் நேரம் கூட எடுத்துச்சு. பூமி உருண்டைதானே, தட்டையாக்குறப்பதான் பொய் நுழையுது. கவனிச்சீங்களா, "உள்ள நுழையிறது" இங்கயும் ஜெயிக்கல. எல்லாரும் விஆர்னதும் டேட்டாக்குள்ள போய் நிக்கணும்னு ஆசைப்படுறாங்க. உள்ள நின்னா பாதி டேட்டா உன் முதுகுக்கு பின்னாடி. மேஜை சைஸ்ல முன்னாடி வச்சு சுத்தி வந்து பாக்குறதுதான் பல நேரம் நல்லது. தம்பி, உன் ஆளுயர தூணுக்கும் இதுதான் பதில்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, ஏன்னா அடுத்து நீ இதுலதான் போய் விழுவ. நூறு காலம் உள்ள டேட்டாவ டி-எஸ்என்இ, யூமேப் போட்டு மூணு பரிமாணமா சுருக்கி விஆர்ல மெதக்க விடுறது இப்ப ஃபேஷன். பாக்க நட்சத்திர மண்டலம் மாதிரி இருக்கும். ஆனா டி-எஸ்என்இல ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல இருக்குற தூரத்துக்கு பெருசா அர்த்தம் கெடையாது, கூட்டத்தோட சைஸுக்கும் கெடையாது. ஸ்க்ரீன்ல பாத்தா சும்மா படம்னு விட்டுடுவோம். விஆர்ல ஒரு கூட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு நாலு அடி நடந்து போனவன் "இது ரெண்டும் ரொம்ப தள்ளி இருக்கு"ன்னு அடிச்சு சொல்லுவான். கால் நடந்த தூரத்த எவனும் பொய்னு நம்ப மாட்டான்.

தலசுத்தலுக்கு எஸ்எஸ்க்யூ ஃபார்ம் இருக்கு, 1993ல வந்தது, 16 அறிகுறி, மாட்டுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரொப்ப சொல்லு. வேலைப் பளுவ அளக்க நாசா டிஎல்எக்ஸ்னு ஒரு கேள்வித்தாள். ரெண்டும் கைடுக்கு புடிக்கும்.

சிதறல்புள்ளி

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னதும் மொதல்ல கோவமா வந்துச்சு, அப்புறம் லேப்டாப்ல அல்லி இதழ் ரெண்டையும் போட்டு பாத்தேன், அஞ்சு நிமிஷம் பேச்சே வரல. ரெண்டு மாசம் யூனிட்டில கட்டினத ரெண்டு வரி ப்ரோக்ராம் செஞ்சிடுச்சு.

தூண எல்லாம் இடிச்சாச்சு. ஐரிஸும் தூக்கியாச்சு. இப்ப ஒரு நெட்வொர்க் டேட்டா, அக்கா சொன்ன நாலு விதம், மேஜை சைஸ், வரிசை மாத்தி மாத்தி. ஆள் கம்மிதான், அதனால நம்பர் போட்டு பெருமை அடிச்சுக்கல, ஆனா பாத்தத சொல்றேன். இந்த முனைல இருந்து அந்த முனைக்கு வழி இருக்கான்ற கேள்விக்கு ஹெட்செட் 3டி நல்லாவே பண்ணுது. எந்த முனைக்கு இணைப்பு ஜாஸ்தின்னு எண்ண சொன்னா ஸ்க்ரீன் 2டிதான். ஹெட்செட்டுக்குள்ள தட்டையா வச்ச 2டி எல்லாத்துலயும் கடைசி, எழுத்து படிக்க முடியலன்னு திட்டினாங்க, புரதமடிப்பு சொன்னது அப்படியே. முடிச்சவிழ்ப்பான் சொன்னதும் கண்கூடா தெரிஞ்சுது, ரெண்டு பேர் தலைய அசைக்காம செல மாதிரி நின்னு பாத்தாங்க, அவங்களுக்கு விஆர்ல ஒரு லாபமும் இல்ல. தலைய சாய்ச்சு பாருங்கன்னு நான் சொல்லி குடுக்கலாமா, இல்ல அது டெஸ்ட்ட கெடுத்துடுமா?

இன்னொரு அசிங்கத்தையும் ஒத்துக்குறேன். குவெஸ்ட் 2ல ரெண்டு லென்ஸுக்கு நடுவுல இருக்குற தூரத்த மாத்த 58, 63, 68 மில்லிமீட்டர்னு மூணு நிலை இருக்கு. போன டெஸ்ட் முழுக்க அது மூணாவதுலயே இருந்திருக்கு, நான் தொடவே இல்ல, எனக்கு அதுதான் செட் ஆகும்ன்றதால எனக்கு வித்தியாசம் தெரியல. மத்தவங்க மங்கலா இருக்குன்னு சொன்னத "மொத தடவ அப்படித்தான் இருக்கும்"னு சமாளிச்சிருக்கேன்.

நிழல்கோணம்

அத ரிப்போர்ட்ல ஒரு பத்தியா எழுது, மறைக்காத. பழைய ரிசல்ட்ட முன்னோட்டம்னு தனியா வை.

தலை அசைக்கிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி பயிற்சி ரவுண்டு குடுத்து அதுல சொல்லிடு, டெஸ்ட் நடக்குறப்ப வாயே தொறக்காத. ஹெட்செட்டோட தலை அசைவு யூனிட்டில பதிவாகும்ல, அதையும் சேவ் பண்ணு. யார் எவ்ளோ அசைஞ்சாங்க, யார் எவ்ளோ சரின்னு சேத்து பாக்கலாம். உறுதி மார்க் என்ன ஆச்சு?

சிதறல்புள்ளி

எடுத்தேன் அக்கா. ஹெட்செட் 3டில எல்லாரும் நாலு, அஞ்சுதான், சரியோ தப்போ. லேப்டாப்ல தப்பா சொன்னவங்க ரெண்டு, மூணுன்னு போட்டிருக்காங்க, அதாவது தெரியலன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

அந்த "பக்கத்துல நின்னு பாத்தேன்டா" ஆளுகிட்ட பழைய தூண் ரெண்டோட நம்பரையும் காட்டினேன். பாத்துட்டு "உன் டேட்டா தப்பா இருக்கும்டா"ன்னுட்டான்.